அத்தியைப் படுக்க வைத்தல்

மர்கிலானில் முதல் உறைபனி
வாய்க்கால் ஓரத்து ரெய்கான் செடியைக் கறுக்கவைக்கும் காலையில்
நீ கதவைத் தட்டுவாய்.
நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்.
ஏழு நவம்பராக ஒருமுறையும் கூப்பிட்டதில்லை.

தோளில் மண்வெட்டி.
பிரிந்தபோது நீ எடுத்துப்போன மூன்று பொருளில் ஒன்று.
மற்றவை கம்பளிக் கோட்டு, வானொலி.

அத்தி இலையெல்லாம் கொட்டியிருக்கும்.
பழுக்காமல் தங்கிய காய்களை
முந்தின நாளே கிள்ளிப் போட்டிருப்பேன்.
விட்டால் மண்ணுக்குள் அழுகும்,
அழுகல் கிளைக்கு ஏறும்.
வந்ததும் நீ பார்ப்பது அதைத்தான்.
ஒன்றை விட்டிருக்கிறேன் என்று காட்டுவாய்.
எப்போதும் ஒன்றை விட்டிருப்பேன்.

கிளைகளைச் சேர்த்துக் கட்டுவோம்,
பழைய சணலால், பட்டை உரியாத இறுக்கத்தில்.
பால் கசிந்து விரலிடுக்கில் அரிக்கும்.
"பிடி" என்பாய்.
"மெதுவாக" என்பேன்.
ஒரு வருடத்துக்கு நமக்குள் இவ்வளவு பேச்சு போதும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதாம்.
இந்த மரத்துக்கு நாற்பத்திரண்டு.
வருடம் தவறாமல் வளைகிறது.
நட்டவர் யாரோ, இதற்கென்றே சாய்த்து நட்டிருக்கிறார்.

அடிமரத்தில் உன் முழங்கால்.
நுனியில் என் முழு எடை.
உள்ளே நார் ஒன்று முனகும். நிறுத்துவோம்.
இன்னொரு சாண்.
மறுபடி முனகும்.
குழியில் அது முதுகு பதியும்வரை
நாம் இருவரும் மூச்சு விடுவதில்லை.

மேலே நாணல் தட்டை, பழைய பாய்.
அதன்மேல் ஒரு முழம் மண், ஓரங்களில் கூடுதலாக.
தலைமாட்டில் காற்றுக்கு
வைக்கோல் செருகிய துளை.
தெருவில் போகிற ஸுல்ஃபியா சுவருக்கு மேல் எட்டி
அதே வேடிக்கையைச் சொல்வாள்:
"இந்த வருடம் யாரைப் புதைக்கிறீர்கள்?"
நீ சிரிப்பாய்.
நான் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

தேநீரை வாசற்படியிலேயே உட்கார்ந்து குடிப்பாய்.
கூரைத் தகரம் தூக்கியிருக்கிறது என்பாய்.
தெரியும் என்பேன்.
தாஷ்கண்டிலிருந்து மகள் பேசினாளா?
பேசினாள்.

ஒன்று உன்னிடம் சொல்லவில்லை.
மூன்று வருடத்துக்கு முன்
முதுகுவலியால் நீ நான்கு நாள் தாமதித்தாயே,
வானம் ஈயமாகி இறங்கிவந்தது,
பயந்துபோய்த் தனியாகவே சாய்த்தேன்.
ஒரு கயிறு, இரண்டு பெரிய கல்,
திராட்சைப் பந்தலின் இரும்புத் தூண்.
அரை மணி நேரம்.
ஒரு நார்கூட முனகவில்லை.
குழிக்குள் அது கிடந்ததை நின்று பார்த்தேன்.
பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.
மெல்ல எழுந்து நின்றது,
ஒன்றும் நடக்காதது போல.
மறுநாள் நீ வந்தாய்.
"பிடி" என்றாய்.

போன நவம்பரில்தான் கவனித்தேன்:
நீ முழங்காலை வைத்திருந்தாய்,
அழுத்தவில்லை.
உன் கை அடிமரத்தின்மேல் சும்மா இருந்தது,
காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
மரம் தானாகவே படுத்தது.
உனக்கு எத்தனை வருடமாகத் தெரியுமோ.

திறப்பது என் வேலை. ஒரு ஆள் போதும்,
நாள் பார்க்கத் தெரிந்தவராக.
முந்தினால் பின்பனி மொட்டைக் கருக்கும்.
பிந்தினால் உள்ளேயே பூஞ்சை.
ஒரேயடியாக வெளிச்சம் காட்டக் கூடாது:
முதலில் மண். ஒரு வாரம் விட்டுப் பாய்.
மேகம் மூடிய நாளில் கடைசித் தட்டை.
இம்முறை பாய்க்கடியில்
உன் இடதுகைக் கையுறை கிடந்தது.
அதற்குள் ஒரு எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது.
உதறிக் கொடியில் போட்டிருக்கிறேன்.

நவ்ரூஸுக்கு மறுநாள் ஃபோனில் கேட்டாய்,
"திறந்தாச்சா?"
"பாதி" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வானொலி மட்டும் கேட்டது.
பிறகு, ஆப்ரிகாட் மரங்களுக்குச்
சுண்ணாம்பு அடிக்க வேண்டுமே என்றாய்.

சுண்ணாம்பு இடுப்பளவுதான் அடிப்பார்கள்.
ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்றேன்.